இரத்த ஆறும் ‘அயலான்’ என்ற சொல்லும்: தாந்தேயின் நரகத்தில் வன்முறைப் பாவங்கள்

தாந்தே என்ற பெயரைச் சொன்னால் எங்கட வாசகர்கள் மத்தியில் பெரும்பாலும் இரண்டு கதைகள்தான் வரும். ஒன்று, “அவர் எங்கட மிஃராஜைப் பார்த்துத்தானே எழுதினவர்” என்பது. மற்றது, “எங்கட நாயகத்தை நரகத்தில் போட்ட ஆள்” என்பது. முதலாவதில் ஒரு பெருமிதம் இருக்கிறது, இரண்டாவதில் ஒரு காயம் இருக்கிறது. இரண்டுக்கும் ஆதாரம் உண்டு. ஆனால் இந்த இரண்டையும் சொல்லி முடித்ததும் நூலை மூடி வைத்துவிடுகிறோம். அந்தக் காவியத்துக்குள்ளே ஒரு தண்டனைச் சட்டம் இருக்கிறது. மனிதன் மனிதனுக்குச் செய்யும் கொடுமையை அது எப்படித் தரம் பிரிக்கிறது, எதை எதற்குக் கீழே வைக்கிறது என்பதைப் பார்ப்பவர்கள் குறைவு. மத்திய கால ஐரோப்பா வன்முறையை எப்படி விளங்கிக்கொண்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி கிடைப்பது கஷ்டம். அந்தச் சட்டத்தில் ஓர் ஓட்டையும் இருக்கிறது. அந்த ஓட்டை எங்களைப் பற்றியது.

காவியமும் அதன் வரைபடமும்

தாந்தே அலிகியேரி 1265இல் இத்தாலியின் புளோரன்ஸ் நகரத்தில் பிறந்தவர். 1289இல் கம்பால்தீனோ போரில் குதிரைப் படையில் நின்று சண்டை பிடித்தவர். பிறகு நகர ஆட்சியில் பதவி வகித்தார். கட்சிச் சண்டையில் எதிர்த்தரப்பு வென்றதும் 1302இல் நாடுகடத்தப்பட்டார். திரும்பி வந்தால் உயிரோடு எரிக்க வேண்டும் என்றும் தீர்ப்பாயிற்று. அவர் திரும்பவே இல்லை. 1321இல் ராவென்னாவில் மரணித்தார். ‘தெய்வீகக் கொமெடி’ என்று இன்று நாம் சொல்லும் காவியம் அந்த அலைச்சலின் காலத்தில் எழுதப்பட்டது. பலாத்காரம் என்றால் என்ன என்பதை ஏட்டில் மட்டும் படித்தவர் எழுதியதல்ல அது.

சீறாப்புராணம் மூன்று காண்டங்களாக இருப்பதுபோல இதுவும் மூன்று பாகம்: நரகம், தூய்மை பெறும் மலை, சுவர்க்கம். எல்லாமாக 100 படலங்கள். கதை நடக்கும் காலம் 1300ஆம் ஆண்டின் வசந்தம். கவிஞரே பாத்திரமாகி, ரோமாபுரியின் பழங்கவி வேர்ஜிலின் கையைப் பிடித்துக்கொண்டு நரகத்துக்குள் இறங்குகிறார். நரகம் புனல் வடிவானது. ஒன்பது வட்டங்கள். கீழே போகப் போக வட்டம் சுருங்கும், பாவம் கனக்கும்.

நரகக் காண்டத்தின் 11ஆம் படலத்தில் ஒரு விசித்திரம் நடக்கிறது. கீழிருந்து கிளம்பும் துர்நாற்றம் தாங்க முடியாமல் இருவரும் ஒரு கல்லறை மூடியின் மறைவில் நிற்கிறார்கள். மூக்கு அந்த வாடைக்குப் பழகும்வரை நேரத்தை வீணாக்குவானேன் என்று வேர்ஜில் பாடம் நடத்தத் தொடங்குகிறார். நரகத்தின் முழு ஒழுங்கையும் அங்கேதான் விளக்குகிறார். வகுப்பறையில் கரும்பலகையில் கோடு கீறிப் பிரித்துக் காட்டுவது போன்ற விளக்கம் அது.

அந்தப் பிரிப்பின் அடிப்படை கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டிலின் ஒழுக்கவியல் நூல். அந்த நூலுக்கு இப்னு ருஷ்து எழுதிய விளக்கவுரை 1240இல் தொலேதோ நகரத்தில் அரபியிலிருந்து லத்தீனுக்குப் போனது. கிரேக்கத்திலிருந்து நேரே செய்த லத்தீன் மொழிபெயர்ப்பும், தோமஸ் அக்குவைனஸின் உரையும் தாந்தேயின் காலத்தில் புழக்கத்தில் இருந்தன. இந்த ஏட்டுப் படிப்பின் சாரம் இதுதான்: ஆசையை அடக்க முடியாமல் செய்யும் பாவங்கள் மேல் வட்டங்களில். பலாத்காரத்தால் செய்யும் பாவங்கள் ஏழாம் வட்டத்தில். வஞ்சகத்தால் செய்யும் பாவங்கள் எட்டிலும் ஒன்பதிலும்.

மூன்று வளையங்கள்

ஏழாம் வட்டம்தான் வன்முறையின் இருப்பிடம். அதை தாந்தே மூன்று வளையங்களாகப் பிரிக்கிறார். பிரிக்கும் கேள்வி எளியது: யாருக்கு எதிராக? அயலானுக்கு எதிராக, தனக்கு எதிராக, இறைவனுக்கு எதிராக. ஒவ்வொன்றுக்குள்ளும் இன்னொரு கேள்வி: ஆளுக்கு எதிராகவா, அந்த ஆளுக்கு உரிய பொருளுக்கு எதிராகவா?

தொல்காப்பியத்தோடு பழகியவர்களுக்கு இப்படி வகுத்து விரிக்கும் முறை அந்நியமாகத் தெரியாது. அயலானின் உடலுக்கு எதிரானது கொலையும் காயப்படுத்தலும்; அவன் பொருளுக்கு எதிரானது கொள்ளை, தீ வைப்பு, அநியாய வரி. தன் உடலுக்கு எதிரானது தற்கொலை. தன் பொருளுக்கு எதிரானது சொத்தைத் தானே அழிப்பது. இறைவனை நேரே தாக்குவது தெய்வ நிந்தனை. இறைவனுக்கு உரியவற்றைத் தாக்குவது இரண்டு விதம்: அன்றைய திருச்சபை இயற்கைக்கு மாறானது என்று கருதிய பாலுறவு ஒன்று, வட்டி மற்றது.

கடைசிச் சொல்லில் கொஞ்சம் நில்லுங்கள். வட்டியா? வட்டி எப்படி வன்முறையாகும்? அதற்குப் பிறகு வருவோம்.

முதல் வளையத்தில் கொதிக்கும் இரத்த ஆறு ஓடுகிறது. அதற்குள்ளே கொடுங்கோலர்களும் கொலைகாரர்களும் கொள்ளையர்களும். எல்லோருக்கும் ஒரே ஆழம் இல்லை. கொடுங்கோலர்கள் புருவம்வரை அமிழ்ந்திருக்கிறார்கள். கொலைகாரர்கள் தொண்டைவரை. அதற்கும் குறைந்தவர்களின் தலையும் நெஞ்சும் ஆற்றுக்கு வெளியே தெரிகின்றன. ஓரிடத்தில் இரத்தம் பாதத்தை மட்டும்தான் சுடும். அந்த ஆழம் குறைந்த துறையால்தான் தாந்தே ஆற்றைக் கடக்கிறார். பாதி மனிதனும் பாதி குதிரையுமான காவலர்கள் ஆயிரக்கணக்கில் கரையைச் சுற்றி ஓடுகிறார்கள். தனக்கு விதிக்கப்பட்ட ஆழத்தைவிட யாராவது மேலே எழும்பினால் அம்பு பாயும்.

இங்கே இருப்பவர்களில் சிலர் தாந்தேயின் காலத்துக்கு மிக நெருக்கமானவர்கள். வட இத்தாலியை நடுங்க வைத்து 1259இல் இறந்த எஸ்ஸெலீனோ புருவம்வரை அமிழ்ந்திருக்கிறான். 1271இல் வித்தெர்போ நகரத் தேவாலயத்துக்குள் வழிபாட்டு நேரத்திலேயே இங்கிலாந்து அரச குடும்பத்து ஹென்றியைக் குத்திக் கொன்ற கீ த மொன்போர், மற்றவர்களிடமிருந்து ஒதுங்கித் தனியே நிற்கிறான். தன் தகப்பனின் கொலைக்குப் பழி வாங்கினேன் என்பது அவன் நியாயம். தாந்தே அந்த நியாயத்தைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பழிக்குப் பழி என்பது இத்தாலிய நகரங்களில் குடும்ப மானமாக மதிக்கப்பட்ட ஒரு காலத்தில் இது சாதாரணமான தீர்ப்பல்ல.

இரண்டாம் வளையம் ஒரு காடு. தற்கொலை செய்தவர்கள் முள்மரங்களாக நிற்கிறார்கள். கிளையை முறித்தால் இரத்தமும் பேச்சும் சேர்ந்து வரும். பேசுகிறவர்களில் ஒருவர் பியெர் தெல்லா வீஞ்ஞா, பேரரசன் இரண்டாம் பிரெட்ரிக்கின் தலைமை மந்திரி. துரோகக் குற்றம் சாட்டிச் சிறை வைத்து, கண்ணைக் குருடாக்கினார்கள். 1249இல் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் துரோகி இல்லை என்று தாந்தே நம்புகிறார், மனம் உருகிப் பேச முடியாமல் நிற்கிறார். ஆனாலும் இடத்தை மாற்றவில்லை. அதே காட்டில், தங்கள் சொத்தை வெறிபிடித்து அழித்தவர்களைக் கறுப்பு நாய்கள் துரத்திக் கிழிக்கின்றன. உடலை அழிப்பதும் பொருளை அழிப்பதும் ஒரே வளையத்தில் இருக்கின்றன.

வட்டி ஏன் வன்முறை?

மூன்றாம் வளையம் நெருப்பு மழை பெய்யும் மணற்காடு. அதன் விளிம்பில், வஞ்சகத்தின் பள்ளத்தைப் பார்த்தபடி, வட்டிக்காரர்கள் குந்தியிருக்கிறார்கள். கோடைகால நாய் ஈயை விரட்டுவதுபோல் இரண்டு கையாலும் நெருப்பை விரட்டுகிறார்கள். ஒருவரின் முகத்தையும் தாந்தேக்கு அடையாளம் தெரியவில்லை. கழுத்தில் தொங்கும் பணப்பைகளைத்தான் தெரிகிறது. ஒவ்வொரு பையிலும் குடும்பச் சின்னம்: ஒன்றில் சிங்கம், ஒன்றில் வாத்து, ஒன்றில் சினைப் பன்றி. அந்தக் கண்கள் இப்போதும் பையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

அந்தப் பன்றிச் சின்னம் பதுவா நகரத்து ஸ்குரோவெஞ்ஞி குடும்பத்துடையது. அந்த வட்டிக்காரரின் மகன் கட்டிய தேவாலயத்துக்குத்தான் ஓவியர் ஜியோத்தோ 1305ஐ ஒட்டிய ஆண்டுகளில் சுவரோவியம் தீட்டினார். இன்றும் உலகம் அதைப் பார்க்கப் போகிறது. தகப்பனின் பாவத்தைக் கழுவ மகன் கட்டியது என்பது அந்த ஊரில் நெடுங்காலமாக உள்ள பேச்சு. வட்டிக் காசில் வணக்கஸ்தலம் கட்டும் வழக்கம் எந்த ஒரு சமயத்துக்கும் தனி உரிமையல்ல.

சரி, வட்டி ஏன் வன்முறை? வேர்ஜிலின் வாதம் சுற்றி வளைத்து வருகிறது. இயற்கை இறைவனின் அறிவிலிருந்து வழி கற்கிறது. மனிதனின் தொழில், ஆசானைப் பின்பற்றும் மாணவன்போல இயற்கையைப் பின்பற்றுகிறது. ஆகவே தொழில் இறைவனுக்குப் பேரப்பிள்ளை முறை. மனிதன் இயற்கையாலும் தொழிலாலும்தான் சோறு தேட வேண்டும் என்பது வேதத்தின் விதி. வட்டிக்காரன் இரண்டையும் உதறிவிட்டுப் பணத்தைக் குட்டி போட வைக்கிறான். அதனால் இயற்கையையும் அதன் வழி வந்த உழைப்பையும் அவமதிக்கிறான்.

இந்த இடத்தில் எங்கட மரபை நினைக்காமல் இருக்க முடியாது. 1111இல் வபாத்தான இமாம் கஸ்ஸாலி தமது இஹ்யாவில் தீனாரையும் திர்ஹத்தையும் கண்ணாடிக்கு ஒப்பிடுகிறார். கண்ணாடிக்குத் தனக்கென்று நிறமில்லை. மற்ற நிறங்களைக் காட்டத்தான் அது. பணமும் அப்படித்தான், மற்றப் பொருள்களை அளக்கப் படைக்கப்பட்டது. பணத்தையே சரக்காக்குகிறவன் அது படைக்கப்பட்ட நோக்கத்துக்கு அநியாயம் செய்கிறான் என்பது அவர் வாதம். தாந்தேயின் வாதமும் இதுவும் அக்கம்பக்கத்து வீடுகள்.

ஆனால் குர்ஆன் இன்னொரு வாசலால் வருகிறது. வட்டியை விட மறுப்பவர்களுக்கு அல்லாஹ்விடமிருந்தும் அவன் தூதரிடமிருந்தும் போர் அறிவிக்கப்படுகிறது என்ற கருத்தை ஸூரத்துல் பகரா சொல்கிறது. அதை ஒட்டியே, அசலை மட்டும் எடுத்துக்கொள்ளலாம், நீங்களும் அநியாயம் செய்யக் கூடாது, உங்களுக்கும் அநியாயம் செய்யப்படக் கூடாது என்ற விதி வருகிறது. கடன்பட்டவன் கஷ்டத்தில் இருந்தால் தவணை கொடுங்கள், விட்டுக்கொடுத்தால் இன்னும் நல்லது என்ற அறிவுரையும் வருகிறது. தாந்தேயின் வட்டிக்காரன் குற்றம் செய்தது தொழில் என்ற தத்துவத்துக்கு. குர்ஆன் பேசும் வட்டிக்காரன் குற்றம் செய்தது எதிரே நிற்கும் கடன்காரனுக்கு. தாந்தேயின் மணற்காட்டில் வட்டிக்காரர் பலர் இருக்கிறார்கள், கடன்பட்டவன் ஒருவன்கூட இல்லை.

ஸமுரா அறிவித்த ஆறு

இனி அந்த இரத்த ஆற்றுக்குத் திரும்புவோம். ஸமுரா இப்னு ஜுன்துப் (ரலி) அறிவிக்கும் ஒரு நீண்ட ஹதீஸ் ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் தாம் கண்ட கனவைச் சொல்கிறார்கள். அதில் ஓர் இரத்த ஆறு. ஆற்றுக்குள் ஒரு மனிதன். கரையில் கற்களோடு இன்னொரு மனிதன். உள்ளே இருப்பவன் வெளியேற வரும்போதெல்லாம் கரையில் நிற்பவன் அவன் வாயில் கல்லை எறிகிறான். அவன் பழைய இடத்துக்கே திரும்புகிறான். யார் இவன் என்று கேட்டபோது, வட்டி தின்றவன் என்று பதில் வருகிறது.

ஸஹீஹ் முஸ்லிமில் அதே ஸமுரா (ரலி) அறிவிக்கும் இன்னொரு ஹதீஸில், நரக நெருப்பு சிலரைக் கரண்டைவரையும், சிலரை முழங்கால்வரையும், சிலரை இடுப்புவரையும், சிலரைக் காறையெலும்புவரையும் பிடிக்கும் என்று வருகிறது. தாந்தேயின் 12ஆம் படலத்தைப் படித்துவிட்டு இந்த இரண்டு ஹதீஸையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரத்த ஆறு, வெளியேற விடாத கரைக் காவல், உடலில் அளக்கும் ஆழம். மூன்றும் இருக்கின்றன.

இந்த ஒற்றுமையைப் பெரிய ஆராய்ச்சியாக முன்வைத்தவர் ஒரு கத்தோலிக்கக் குருவானவர்: ஸ்பெயின் நாட்டு அரபு அறிஞர் மிகேல் அஸின் பலாஸியோஸ். 1919இல் அவர் வெளியிட்ட நூல் மிஃராஜ் மரபுகளையும் கொமெடியையும் பக்கம் பக்கமாக ஒப்பிட்டது. இத்தாலியில் பெரும் எதிர்ப்பு. வழி எது என்று கேட்டார்கள். அரபு தெரியாத தாந்தேக்கு இது எப்படிக் கிடைத்தது? 1949இல் ஒரு பதில் வந்தது. மிஃராஜ் பற்றிய அரபு நூல் ஒன்றை, காஸ்தீல் மன்னன் பத்தாம் அல்போன்ஸோவின் கட்டளைப்படி ஆபிரகாம் என்ற யூத வைத்தியர் ஸ்பானிய மொழிக்கும், அதிலிருந்து சியேனா ஊர் பொனவெந்தூரா லத்தீனுக்கும் பிரெஞ்சுக்கும் கொண்டுபோயிருந்தார்கள். பிரெஞ்சு வடிவத்தின் ஆண்டு 1264. அடுத்த வருடம்தான் தாந்தே பிறக்கிறார். செருல்லி இத்தாலியிலும் முஞ்ஞோஸ் செந்தீனோ ஸ்பெயினிலும் அந்தப் பிரதிகளை ஒரே ஆண்டில் அச்சிட்டார்கள். தாந்தே ஆசானாக மதித்த புருனெத்தோ லத்தீனி 1260இல் அதே அல்போன்ஸோவிடம் தூது போனவர். அவரையும் தாந்தே ஏழாம் வட்டத்தின் மணற்காட்டில்தான் சந்திக்கிறார்.

அதே மிஃராஜ் கிழக்கே வந்து தமிழில் ஆலிப் புலவரின் ‘மிகுராசு மாலை’யாகவும் பாடப்பட்டது. ஒரே கதை 16ஆம் நூற்றாண்டுக்குள் தொலேதோவுக்கும் தமிழுக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

தாந்தே அந்த லத்தீன் நூலைக் கையில் வைத்திருந்தார் என்பதற்கு நேரடிச் சாட்சி இதுவரை யாரும் காட்டவில்லை. அறிஞர்கள் இன்னும் இரு தரப்பாக நிற்கிறார்கள். ஆகவே “எங்களிடமிருந்து எடுத்தது” என்று மேடையில் சத்தியம் பண்ணுவது ஆராய்ச்சிக்கு அடுக்காது. அதைவிடப் பயனுள்ள ஒரு கேள்வி இருக்கிறது. ஹதீஸில் இரத்த ஆற்றுக்குள் இருப்பவன் வட்டிக்காரன், தாந்தேயில் கொலைகாரன். ஒரே படிமம், இரண்டு குற்றவாளிகள். வட்டி தின்பவன் தின்பது இன்னொருவரின் இரத்தத்தை என்பது ஹதீஸின் காட்சியிலேயே அடங்கியிருக்கிறது. தாந்தேயும் வட்டியை வன்முறையின் வட்டத்துக்குள் கொண்டுவருகிறார், ஆனால் இரத்தத்திலிருந்து பிரித்து மணலில் இருத்துகிறார்.

கொலைக்கும் கீழே

ஏழாம் வட்டத்தோடு நரகம் முடியவில்லை. பொய்யன், களவாளி, இலஞ்சக்காரன், துரோகி எல்லோரும் கொலைகாரனுக்குக் கீழே. இதென்ன நியாயம் என்று கேட்கத் தோன்றும். தாந்தேயின் பதில்: பலாத்காரம் மிருகத்துக்கும் உண்டு; வஞ்சகம் மனிதனுக்கு மட்டுமே உரியது. இறைவன் கொடுத்த அறிவையே ஆயுதமாக்கி, மனிதர்களுக்கு இடையே இயற்கையாக உள்ள நம்பிக்கைக் கயிற்றை அறுப்பதால் அது இன்னும் பாரதூரமானது. பித்னா கொலையைவிடக் கொடியது என்ற குர்ஆனியக் கருத்தோடு வளர்ந்த எங்களுக்கு இது புரியாத தர்க்கமல்ல. அங்கே பித்னாவுக்கு முபஸ்ஸிர்கள் சொல்லும் பொருள் வேறாக இருந்தாலும், இரத்தத்தைவிடக் கனமான குற்றமும் உண்டு என்பது இரண்டுக்கும் பொது. ஸமுரா (ரலி) அறிவித்த கனவிலும், உலகெங்கும் பரவும் பொய்யைச் சொன்னவனின் கன்னம் இரும்புக் கொக்கியால் கிழிக்கப்படுகிறது.

இந்த எட்டாம் வட்டத்தில், பிளவு உண்டாக்கியவர்களின் பள்ளத்தில்தான், 28ஆம் படலத்தில், தாந்தே நபி (ஸல்) அவர்களையும் அலி (ரலி) அவர்களையும் வைக்கிறார். அந்தக் காட்சியை இங்கே எடுத்து எழுத வேண்டியதில்லை. ஏன் அந்த இடம் என்பதை மட்டும் விளங்கிக்கொள்ள வேண்டும். இஸ்லாம் தனி மார்க்கம் அல்ல, கிறிஸ்தவத்திலிருந்து உடைந்த பிரிவு என்று அன்றைய ஐரோப்பாவில் பல கட்டுக்கதைகள் உலாவின. அந்த அறியாமை காவியத்துக்குள்ளும் ஏறிவிட்டது. எங்கட நாயகத்தின் கண்ணியம் இத்தாலியக் கவிஞர் ஒருவரின் சான்றிதழில் தங்கியிருக்கவில்லை. அந்தப் படலம் தாந்தேயின் காலத்தைப் பற்றிய ஆவணம்.

ஓட்டை

இனி நான் முதலில் சொன்ன ஓட்டைக்கு வருகிறேன். முதல் வளையத்தின் சட்டம் ‘அயலானுக்கு எதிரான பலாத்காரம்’ என்று சொல்கிறது. இத்தாலிய மூலத்தில் உள்ள சொல்லின் நேர்ப்பொருள் ‘மிக அருகில் உள்ளவன்’. அப்படியானால் யார் அருகில் உள்ளவன்? எவ்வளவு தூரம்வரை?

1099இல் சிலுவைப் படை ஜெரூசலத்தைப் பிடித்து முஸ்லிம்களையும் யூதர்களையும் பெருந்தொகையில் வெட்டிச் சாய்த்தது. அந்தப் படையின் தலைவர்களில் ஒருவரான கொட்பிரி எங்கே? இரத்த ஆற்றில் இல்லை. சுவர்க்கக் காண்டத்தின் 18ஆம் படலத்தில், செவ்வாய்க் கோளின் வானத்தில், ஒளியாக மின்னுகிறார். தாந்தேயின் முன்னோர் கச்சகுவீதா இரண்டாம் சிலுவைப் போரில் முஸ்லிம்களோடு சண்டையிட்டு இறந்தவர். அவரும் அதே வானத்தில் ஷஹீதின் அந்தஸ்தோடு இருக்கிறார்.

1187இல் அதே ஜெரூசலத்தை ஸலாஹுத்தீன் ஐயூபி மீட்டபோது 1099 திரும்பவும் நடக்கவில்லை. ஆணுக்குப் பத்துத் தீனார் என்று மீட்புப் பணம் விதித்து மக்களை வெளியேற விட்டார். கட்ட முடியாத ஆயிரக்கணக்கானோர் அடிமைகளானார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. தாந்தே ஸலாஹுத்தீனை இரத்த ஆற்றில் போடவில்லை என்பது அவரது நேர்மை. முதல் வட்டத்தில், தண்டனை இல்லாத இடத்தில், நல்ல பிறசமயத்தவர்களோடு, ஒரு பக்கத்தில் தனியாக வைக்கிறார். இப்னு ஸீனாவும் இப்னு ருஷ்தும் அங்கேதான். ஆக, தனி மனிதனாக ஒரு முஸ்லிமை மதிக்க அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் ஜெரூசலத்துத் தெருவில் வெட்டுண்ட பெயரில்லாத முஸ்லிம் ‘அயலான்’ என்ற சொல்லுக்குள் வரவில்லை.

ஜெரூசலம் தூரம் என்பீர்கள். அருகில் உள்ளதைப் பார்ப்போம். தென் இத்தாலியில் லூசேரா என்று ஒரு நகரம். பியெரின் எஜமானான அதே இரண்டாம் பிரெட்ரிக், சிசிலித் தீவின் முஸ்லிம்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து குடியமர்த்திய இடம். மூன்று தலைமுறையாக அங்கே பாங்கு ஒலித்தது. 1300 ஓகஸ்ட் மாதம் நேப்பிள்ஸ் மன்னன் இரண்டாம் சார்ள்ஸ் அந்த ஊரைக் கலைத்தான். ஆயிரக்கணக்கான முஸ்லிம்கள் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். பள்ளிவாசல் இருந்த இடத்தில் பேராலயம் எழுந்தது.

ஆண்டைக் கவனியுங்கள். 1300. தாந்தே தன் நரகப் பயணத்தை வைத்த அதே ஆண்டு. பயணம் வசந்தத்தில், லூசேரா ஓகஸ்டில் என்று தப்ப முடியாது. எழுதும்போது தாந்தே பிற்பட்ட நிகழ்ச்சிகளையெல்லாம் தீர்க்கதரிசனமாகச் சேர்த்திருக்கிறார். 1303இல் இறந்த போப்பாண்டவர் எட்டாம் பொனிபேசுக்கும் நரகத்தில் முன்கூட்டியே இடம் பிடித்து வைத்தவர் அவர். அந்தப் போப்பாண்டவர் மீது தாந்தே அடுக்கும் குற்றங்களில் ஒன்று, முஸ்லிம்களோடும் யூதர்களோடும் போர் செய்யாமல் கிறிஸ்தவர்களோடு போர் செய்தார் என்பது.

லூசேராவைக் கலைத்த சார்ள்ஸையும் தாந்தே சும்மா விடவில்லை. தூய்மை மலைக் காண்டத்தின் 20ஆம் படலத்தில் ஒரு கடுமையான குற்றச்சாட்டு வருகிறது. என்ன தெரியுமா? பணத்துக்காகத் தன் மகளைக் கலியாணம் செய்து கொடுத்தான்; கடற்கொள்ளையர் அடிமைப் பெண்களுக்குப் பேரம் பேசுவதுபோல் பேரம் பேசினான் என்பது. அடிமை விற்பனையின் கொடுமை தாந்தேக்குத் தெரிந்திருக்கிறது. ஓர் இளவரசியின் கலியாணத்துக்கு உவமை சொல்ல அது பயன்பட்டது. அதே மன்னன் உண்மையாகவே விற்ற ஆயிரக்கணக்கான ஆண், பெண், பிள்ளைகளுக்காகக் காவியத்தில் ஒரு வரி இல்லை.

எழுநூறு வருடத்துக்கு முந்திய ஒரு மனிதரைக் குற்றக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமல்ல. வன்முறையை இவ்வளவு நுட்பமாகப் பகுத்தவர், தற்கொலையையும் ஊதாரித்தனத்தையும் வட்டியையும்கூட வன்முறையென்று கண்டவர், தன் நாட்டிலேயே நடந்த ஒரு பெரும் வன்முறையை எப்படித் தவறவிட்டார் என்பதுதான் பிரச்சினை. அவரது வகைப்பாட்டில் பிழையில்லை. ‘அயலான்’ என்ற ஒரு சொல்லின் எல்லையில்தான் பிழை. அந்தச் சொல்லுக்கு வெளியே நின்றவனுக்கு நடந்தது எதுவும் வன்முறையாகக் கண்ணில் படவில்லை.

எங்கட அளவுகோல்

இந்த அளவுகோலை எங்கட பக்கம் திருப்பினால்தான் ஆராய்ச்சி நேர்மையாகும். எங்கட மூலங்களில் அந்தச் சொல் மிக விரிவாகத்தான் இருக்கிறது. உடன்படிக்கையில் உள்ள முஸ்லிமல்லாத ஒருவரைக் கொன்றவன் சுவர்க்கத்தின் வாடையைக்கூட நுகரமாட்டான் என்பது புகாரியில் உள்ள ஹதீஸ். ஒரு பூனையைக் கட்டி வைத்துச் சாப்பாடு கொடுக்காமல் சாகவிட்ட பெண் நரகம் போனது புகாரியிலும் முஸ்லிமிலும் உண்டு. தாந்தேயின் மூன்று வளையத்திலும் பூனைக்கு இடமில்லை.

ஸஹீஹ் முஸ்லிமில் வரும் ‘முப்லிஸ்’, அதாவது வங்குரோத்துக்காரன் பற்றிய ஹதீஸ் இன்னும் ஒரு படி மேலே போகிறது. தொழுகை, நோன்பு, ஸகாத் எல்லாவற்றோடும் ஒருவன் மறுமைக்கு வருகிறான். ஆனால் ஒருவரை ஏசியிருக்கிறான், ஒருவர் மீது அவதூறு சொல்லியிருக்கிறான், ஒருவரின் சொத்தைத் தின்றிருக்கிறான், ஒருவரின் இரத்தத்தைச் சிந்தியிருக்கிறான், ஒருவரை அடித்திருக்கிறான். நாக்கு, பணம், இரத்தம் மூன்றும் ஒரே பட்டியலில். பாதிக்கப்பட்டவர்கள் ஒவ்வொருவராக வந்து அவனது நன்மைகளை எடுத்துக்கொண்டு போகிறார்கள். நன்மை முடிந்தால் தங்கள் பாவத்தை அவன் தலையில் ஏற்றுகிறார்கள். தாந்தேயின் நரகத்தில் குற்றவாளியைத்தான் பார்க்கிறோம். கொலையுண்டவன் வந்து கணக்குக் கேட்பதில்லை. முப்லிஸ் ஹதீஸில் கணக்கு முழுவதும் கொலையுண்டவன் கையில் இருக்கிறது.

மூலம் அப்படி, வரலாறு எப்போதும் அப்படி இருக்கவில்லை. எங்கட சுல்தான்களின் வெற்றிகளைப் படிக்கும்போது அந்த வெற்றியில் அடிமையானவர்களின் தொகையைத் தாண்டித்தான் நாங்களும் பக்கம் புரட்டுகிறோம். 1187ஐப் பற்றிப் பேசும் எத்தனை பேச்சாளர்கள் பத்துத் தீனார் இல்லாதவனின் கதையைச் சொல்கிறார்கள்? இந்த நாட்டிலும் ஒவ்வொரு சமூகமும் தன்ட மையித்துகளைப் பெயர் பெயராக எண்ணும், அடுத்த சமூகத்தின் மையித்துகளை மொத்தத் தொகையாகச் சொல்லும், சில நேரம் அதுவும் சொல்லாது. உயர்தர வகுப்பில் சரித்திரம் படிக்கும் பிள்ளைகளின் கட்டுரைகளிலேயே இதைப் பார்க்கலாம். “எங்கட ஆக்கள் கொல்லப்பட்டனர்” என்று எழுதும் அதே பிள்ளை, அடுத்த பந்தியில் “அவர்களும் சில இழப்புகளைச் சந்தித்தனர்” என்று எழுதும். பிள்ளை அதைத் தானாகக் கண்டுபிடிக்கவில்லை. பெரியவர்கள் பேசுவதைக் கேட்டுப் படித்திருக்கிறது.

மறுமையில் மனிதர்களுக்கிடையே முதலில் தீர்க்கப்படுவது இரத்தத்தின் வழக்கு என்று ஹதீஸ் சொல்கிறது. எந்தச் சமூகத்தின் இரத்தம் என்று அது பிரிக்கவில்லை. லூசேராவில் விற்கப்பட்ட பிள்ளைக்கும் அந்த நாளில் முறை வரும். ஜெரூசலத்தில் பத்துத் தீனார் இல்லாமல் அடிமையான பிள்ளைக்கும் வரும். அவர்கள் கேட்கப் போகும் கணக்கில் நாங்கள் எழுதிய சரித்திரப் புத்தகங்களும் இருக்கலாம் என்ற பயத்தோடு சரித்திரம் எழுதப் பழகினால் போதும்.